தார்ச்சட்டி எகிறிய உயரம்

திருவள்ளூர் வட்டாரத்தில் போலீசும் கல்லூரிப் பெண்களும் ஒரே சமயத்தில் தேடிய ஆள் தார்ச்சட்டி ஒருவன்தான். என்னை இரு தரப்புமே தேடவில்லை.

விடுதியில் அவன் என் அறைத்தோழன். அறுபத்தைந்தில், இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது, ரயில் நிலையப் பலகையிலிருந்த இந்தி எழுத்தை அழிக்க இருவரும் போனோம். பலகை உயரம். ஏணி கிடையாது. ஆகவே நான்தான் ஏணி. என் தோளில் ஏறி நின்று பூசினான். பாதித் தார் என் தலைக்கு வந்தது. போலீஸ் விசில் கேட்டதும் ஏணி ஓடிவிட்டது. அவன் பலகையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான்.

பத்து நாள் கழித்து மாலையோடும் 'தார்ச்சட்டி' என்ற பேரோடும் திரும்பினான். போலீஸ் ஸ்டேஷனில் அவன் சொன்னது அதற்குள் விடுதி முழுக்கப் பரவியிருந்தது: "கூட ஆளே வரல சார். நான் தனியா எகிறி எகிறிப் பூசினேன்."

முதலாண்டுப் பையன்கள் நாடாவோடு போய்ப் பலகையை அளந்து, பத்தடி என்று வியந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. தோள் கொடுத்தவன் பேரை ஒரு வாய் சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஒரு மாதம் நான் பேசவில்லை. அவன் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. என் சோப்பில்தான் குளித்தான்.

அப்புறம் படிப்பை விட்டான். ஊத்துக்கோட்டைப் பக்கம் கூலியாட்களோடு சேர்ந்தான். அங்கிருந்து துப்பாக்கிக் கூட்டத்தோடு ஆந்திரக் காட்டுக்குள் போய்விட்டான் என்றார்கள். எழுபத்தொன்றில் புதுவாயல் டீக்கடைச் சுவரில் 'தேடப்படுபவர்' என்று அவன் படம். அடையாளம்: உயரமான மதில்களை எகிறித் தாண்டக்கூடியவர். கல்லூரி குரூப் போட்டோவிலேயே என் முகம் பக்கத்துப் பையனின் காதுக்குப் பின்னால் போய்விட்டது. அவனுக்கோ மாவட்டம் முழுக்கச் சுவர்.

அந்த வருடம்தான் எனக்கு அரசாங்க வேலை உத்தரவு வந்தது. நடத்தை விசாரிக்க வீட்டுக்கு வந்த ஏட்டு, காபியை ஆற்றிக்கொண்டே பழைய கதைக்குப் போனார்.

"அந்தத் தார்ச்சட்டிய நாலு நாளு அடிச்சோம்பா. யாரு மேல ஏறினன்னு கேட்டா, எகிறினேன், எகிறினேன்னே சொல்லிக்கினு இருந்தான். அந்த ஆளு பேரு மட்டும் ஃபைல்ல ஏறியிருந்தா அவனுக்கு ஜென்மத்துக்கும் கவர்மென்ட் வேலை இல்ல. யாரா இருக்கும், இன்னா?"

"தெரியல சார்" என்றேன். இரண்டாவது முறையாக ஓடினேன்.

அவன் என்ன ஆனான் என்று இன்றுவரை யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. பொறாமை எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனாலும் எங்கேயாவது இருந்தால் வந்து ஏறிக்கொள்ளட்டும். இந்தத் தடவை எத்தனை விசில் ஊதினாலும் ஏணி நகராது.