சதுரக் கல்லை வீட்டில் வைத்துப் பார்த்த கதை

லிங்கி
20 ஜூன் 1952

செண்டாயான் தோட்டத்து மதிப்பிற்குரிய சம்பந்தி முருகையா அவர்கள் சமூகத்துக்கு, லிங்கித் தோட்டத்தில் ஆள்களை வேலை வாங்கும் மண்டோர் சன்னாசி கைகூப்பி எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், தாயம்மா, மகன் சந்திரன், ஆடு இரண்டு, எல்லோரும் மாரியம்மன் புண்ணியத்தாலும் ஊரடங்குச் சட்டத்துக்கு உட்பட்டும் சுகம். அவ்விடம் தாங்கள், வீட்டு அம்மா, மகள் நீலாவதி சுகத்துக்கு எழுதவும். நிச்சயம் ஆகுமுன் சம்பந்தி என்று எழுதலாமா என்று தாயம்மா கேட்டாள். மை காய்ந்துவிட்டது, இனி அழிக்க முடியாது என்றேன்.

வைகாசியில் நிச்சயதார்த்தம் என்று வாய் நிறையச் சொல்லிவிட்டு, ஆனி பிறந்தும் நாங்கள் மூச்சு விடவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்குகிறார்கள் என்று உங்கள் பக்கம் பேச்சாம். சத்தியமாக இல்லை சம்பந்தி. எல்லாம் ஒரு மோதிரத்தால் வந்த வினை.

பெண்ணுக்கு மோதிரம் போடவேண்டும், அதுவும் வைரம்தான் என்று சந்திரன் ஒற்றைக் காலில் நின்றான். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் வேலைச் சம்பளத்தில் சேர்த்து வைத்திருந்தான், சரி என்றேன். சிரம்பானில் சொக்கப்பன் நகைக்கடைக்குப் போனோம். உலகத்தில் வைரம் என்றால் உருண்டையாக, தோட்டுக் கல் மாதிரிதானே இருக்கும்? இவன் சதுரக் கல் வைத்த மோதிரம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு கீழே வைக்கமாட்டேன் என்கிறான். "நாலு மூலையும் கூரா இருக்கே, நாளைக்குப் பிள்ளையைத் தூக்குனா கீறாதாடா?" என்று தாயம்மா கேட்டாள். நீலாவதிக்கு நீண்ட விரல், அதற்குச் சதுரம்தான் எடுக்கும் என்றான். உனக்கெப்படித் தெரியும் என்றேன். உங்கள் தோட்டத்துக்கு அம்மை ஊசி போட வந்தபோது பார்த்தானாம். ஊசி தோள்பட்டையில் போடுகிறவன் விரலைப் பார்ப்பானேன் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவேண்டாம்.

வைரம் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது, வீட்டில் வைத்துப் பார்த்துத்தான் வாங்கவேண்டும் என்பது நமக்குள் உள்ள வழக்கம். சொக்கப்பனும் ரோஸ் காகிதத்தில் மடித்துக் கொடுத்து, வைத்துப் பாருங்கள் என்றார். சாமி படத்தடியில் வைத்தோம். வைத்த அன்றைக்கே ஊரடங்கு நேரத்தைக் கூட்டிவிட்டார்கள். மறுநாள் ஆடு முள்கம்பி வேலியில் மாட்டிக்கொண்டு ஊரைக் கூட்டியது. அதற்கடுத்து பட்டாளத்துக்காரர்கள் வந்து லயத்து வீடுகள் முழுக்கச் சோதனை போட்டு, தாயம்மா பானையில் ஒளித்திருந்த அரிசியை ரேஷன் அளவுக்கு மேல் என்று அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். "கல்லு!" என்றாள் அவள். "கவர்மெண்டு!" என்றேன் நான். நீங்களே சொல்லுங்கள் சம்பந்தி, நாடே இப்படிக் கிடக்கும்போது ஒரு கல்லுக்கு மட்டும் நல்ல சகுனம் எங்கிருந்து வரும்? அவள் கேட்கவில்லை. கல் ஆகவில்லை என்றால் சம்பந்தமும் ஆகாது என்று முணுமுணுக்க ஆரம்பித்தாள். சந்திரன் சோறு தின்பதை நிறுத்திவிட்டான்.

சரி, இந்தக் கல்லைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்குவோம் என்று லாரியில் சிரம்பானுக்குக் கிளம்பினேன். வழியில் கொள்ளை பயம். அதனால் மோதிரத்தைப் புளி உருண்டைக்குள் அமுக்கி வைத்தேன். எவன் புளியைத் திருடப்போகிறான் என்று நினைத்தேனே தவிர, சாப்பாட்டுச் சாமான் எதுவும் தோட்டத்துக் கேட்டைத் தாண்டக்கூடாது என்பது என் மண்டையில் ஏறவில்லை. கேட்டிலிருந்த மலாய்க்கார கான்ஸ்டபிள், காட்டுக்குள் ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்டுகளுக்கா புளி கொண்டுபோகிறாய் என்று பிடித்து உட்கார வைத்துவிட்டான். லாரி என்னை விட்டுவிட்டுப் போயே போய்விட்டது. கடைசியில் அவனே புளியைப் பிசைந்தான். மோதிரம் வெளியே வந்தது. சட்டையில் துடைத்து வெயிலில் தூக்கிப் பார்த்து, "சாந்தேக் லா!" என்று சிரித்தான். அழகுதான் என்று அவனுக்கே தெரிகிறது. மோதிரத்தைக் கையில் கொடுத்தான். புளியைக் கொடுக்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் சேதி வந்தது. நான் போகவேண்டிய லாரி பள்ளத்தில் சாய்ந்து, ஏறினவர்களெல்லாம் சேறும் சகதியுமாகக் கிடந்தார்களாம். எங்கள் லயத்து மாயாண்டிக்குக் கை முறிவு, கட்டுப்போட்டதே நம்ம சந்திரன்தான். தாயம்மா மோதிரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "உங்களைக் காப்பாத்துனதே இந்தக் கல்லுதாங்க, இதையே போடுவோம்" என்று அழுதாள். ஆகவே கல் தேறிவிட்டது. இந்த ஆனிக்குள்ளேயே நாள் குறித்து உடனே எழுதவும். வீட்டு அம்மாவுக்குத் தாயம்மாவின் அன்பு. நீலாவதி தீர்க்காயுசாக இருக்க எங்கள் ஆசி.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்கு வாசலையே பார்த்திருக்கும்
சன்னாசி

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் சொக்கப்பன் காரில் வந்து இறங்கினார். "அந்த ரோட்டுல அசலை எப்படிங்க குடுத்து அனுப்புவேன்? நீங்க கொண்டுபோனது கண்ணாடி. அசல் இந்தா இருக்கு. ஆமா, ராசியா இருந்துச்சா?" என்கிறார். மறுபடி முதலிலிருந்து வைத்துப் பார்த்தால் ஆடி பிறந்துவிடுமே, ஆடியில் யார் நிச்சயம் செய்வார்கள்? தாயம்மா கண்ணாடிக் கல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு, "நான் இந்த வீட்டுக்கு வந்த அன்னிக்கு ஆத்துல வெள்ளம் வந்துச்சு. என் கால் பட்ட நேரம்னு உங்க ஆத்தா வருசம் பூரா சொன்னாங்க. நானும் இந்தக் கண்ணாடி மாதிரி நல்லதும் கெட்டதும் செய்யாம சும்மாதானேங்க வந்தேன்?" என்றாள். அசலைச் சோதிக்காமலே வாங்கிக்கொண்டோம். உங்கள் மகளுக்கும் இந்த வீட்டில் சோதனை கிடையாது. அவள் வந்த பிறகு ஆடு வேலியில் மாட்டினாலும் சரி, ஆறே வீட்டுக்குள் வந்தாலும் சரி, அது அவள் கணக்கில் ஏறாது. இதை எழுதச் சொன்னவள் தாயம்மா.