எட்டு மணி நேர அலுவலகமும் ஒன்பது மணி நேர வாலட்டும்

சான்றிதழ் அலுவலகத்தின் இயக்குநர் மூன்று நாள் கருத்தரங்கு ஒன்றுக்குச் சென்று, நான்காம் நாள் நாகரிகமடைந்து திரும்பினார். இனி விடுப்பைக் காகிதத்தில் கேட்கலாகாது. ஒரு நாள் விடுப்பு என்பது ஒரு கிரிப்டோ நாணயம். எல்லா நாணயமும் ஒரே வாலட்டில், அதாவது ஒரே கணினிக் கோப்பில், என்றென்றும் அழியாமல் வீற்றிருக்கும் என்று சுற்றறிக்கை வெளியாயிற்று. அழியாத விடுப்பு எதற்கென்று எவரும் கேட்கவில்லை. சுற்றறிக்கை வழவழப்பான தாளில் இருந்தது.

கோப்பைக் காலையில் திறந்து மாலையில் மூடும் திருப்பணி, பிறப்புச் சான்றிதழ் ஜன்னலில் இருந்த எழுத்தர் அம்மாளின் தலையில் விழுந்தது. அன்று முதல் அவள் பெயர் கோப்பக்கா.

முதல் மாதம் வாலட் ஒரு நிமிடத்தில் திறந்தது. நாணயத்தை எத்தனை கூறாகவும் உடைக்கலாம் என்பதை ஊழியர்கள் அதன்பிறகுதான் கண்டுபிடித்தார்கள். தேநீருக்குப் பத்து நிமிடம், பேருந்து தாமதத்துக்கு ஏழு, தும்மலுக்கு அரை என்று சில்லறை குவிந்தது. மென்பொருளோ கடமை தவறாதது. அன்றாடம் காலையில் முதல் தும்மலில் தொடங்கி எல்லாவற்றையும் சரிபார்த்த பின்னரே வாய் திறந்தது. ஐந்தாம் ஆண்டில் அதற்கு ஐந்து மணி நேரம் பிடித்தது.

தாமதத்தை ஆராய மூவர் குழு அமைந்தது. குழு நாற்பது முறை கூடியது. கூடிய ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஈடுசெய் விடுப்பு, நிமிடத்துக்கு ஒரு பதிவாக, உறுப்பினர்களுக்கு வரவு வைக்கப்பட்டது. சின்னச் சின்னப் பதிவுகள் மிகுந்ததே தாமதத்துக்குக் காரணம் என்று அவர்கள் அறிக்கை தந்தபோது ஏழு மணி நேரம் ஆகியிருந்தது.

கோப்பக்காவுக்கு உடன்பிறந்தவள் ஒரே தங்கை. அவளுக்கு அடுத்த மாதம் கடைசி வெள்ளிக்கிழமை பிரசவம் என்று மருத்துவர் நாள் குறித்திருந்தார். துணைக்கு வேறு நாதியில்லை. வாலட் இந்த வேகத்தில் பெருத்தால் தன் விடுப்பு பேரப்பிள்ளை காலத்தில்தான் வரும் என்று கணக்கிட்ட கோப்பக்கா, இயக்குநரிடம் சென்று வழி சொன்னாள். சில்லறையை ஒன்றாகத் திரட்டிப் புது வாலட்டுக்கு மாற்றினால் போதும். ஒரு நாள் வேலை.

"புதுசுல என்ன இருக்கும்?" என்றார் இயக்குநர்.

"மீதி மட்டும் இருக்கும் சார். அரை நிமிஷத்துல திறந்துடும்."

"பழைய பதிவெல்லாம்?"

"பழசுலயே பத்திரமா இருக்கும்."

இயக்குநர் சுவரிலிருந்த கேடயத்தைப் பார்த்தார். அது மிகப்பெரிய கோப்புக்காகத் தலைமையகம் வழங்கியது.

"பக்கத்து ஆபீஸ்காரன் முப்பத்தெட்டு ஜிபி வெச்சிருக்கான்மா. நான் அரை நிமிஷக் கோப்பை வெச்சுக்கிட்டு எந்த முகத்தோட மீட்டிங்குக்குப் போறது?"

யோசனை குழுவின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டது. குழு மேலும் பன்னிரண்டு முறை கூடியது. வாலட் ஒன்பது மணி நேரத்தை எட்டியது.

அலுவலகமோ எட்டு மணி நேரம். மின்சிக்கனச் சுற்றறிக்கைப்படி மாலை ஐந்து மணிக்குக் கணினிகள் அணைக்கப்பட வேண்டும். ஆகவே வாலட் நாள்தோறும் தொண்ணூறு விழுக்காட்டுக்கு அருகில் உயிர்விட்டு, மறுநாள் முதல் தும்மலிலிருந்து மறுபிறவி எடுத்தது. ஐந்துக்கு மேல் இருப்பதற்குச் சிறப்பு அனுமதி உண்டு. அந்த அனுமதி வாலட்டுக்குள் இருந்தது.

பிரசவத்துக்கு முந்தைய நாளான வியாழக்கிழமை ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து கணினியை இயக்கினாள் கோப்பக்கா. ஐந்தடிக்கும்போது தொண்ணூற்றொன்பது. காவலாளி சுவிட்சின் மேல் கை வைத்தார்.

"அண்ணே, அஞ்சே நிமிஷம்."

"அனுமதி இருக்காம்மா?"

"உள்ள இருக்கு."

"வெளிய வந்ததும் சொல்லு," என்று அணைத்துவிட்டுப் போனார்.

கோப்பக்கா பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள்.

"லீவு குடுத்தாங்களாக்கா?" என்று கேட்டாள் தங்கை, மறுநாள் மருத்துவமனைக் கட்டிலில்.

"இல்ல."

"அப்புறம் எப்படி வந்தே?"

"ஆட்டோவுல."

பெண் குழந்தை. நலம். கோப்பக்காவை அலுவலகத்தில் எவரும் தேடவில்லை. ஏனெனில் ஊழியர் வராததையும் வாலட்டில்தான் பதிய வேண்டும். இந்த நுட்பம் மெல்லக் கசிந்தது. இரண்டு வாரத்தில் அலுவலகம் துடைத்து விட்டாற்போல் காலியாயிற்று. ஒருவர்கூட விடுப்பெடுக்காத ஒரே அலுவலகம் என்று தலைமையகம் இரண்டாவது கேடயம் அனுப்பியது. வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் அது வாசற்படியில் கிடந்தது.

பிறப்பை இருபத்தொரு நாளுக்குள் பதியாவிட்டால் தாமதக் கட்டணம் கட்டி அலையவேண்டும். கடைசி நாளன்று கோப்பக்கா விண்ணப்பத்துடன் வந்து பார்த்தாள். ஆளற்ற ஜன்னலின்முன் அறுபது பேர் ஒழுங்காக வரிசையில் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு வேறுபாடும் தெரிந்ததாகத் தோன்றவில்லை. அவள் கடைசியில் நின்றாள்.

"எத்தனை நாளா ஆள் இல்லை?" என்று முன்னால் நின்ற கண்ணாடிக்காரரைக் கேட்டாள்.

"ஆள் இல்லையா? டீ குடிக்கப் போயிருப்பாங்கம்மா."

தான் உள்ளே போய் உட்கார்ந்தால் வேலை நடக்கும் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை.

"நான் ஒரு எட்டு உள்ள போயிட்டு வரேன். என் இடத்தைப் பாத்துக்கறீங்களா?"

"அதெப்படி? விட்டுட்டுப் போனா மறுபடி கடைசிதான்."

கோப்பக்கா திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் அதற்குள் ஒன்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். அறுபத்தோராம் இடத்தை விட அவளுக்கு மனம் வரவில்லை. விண்ணப்பத்தை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, காலி நாற்காலியை நோக்கி முகம் சுளித்தாள்.

"இந்த ஜன்னல்ல உட்கார்ற பொம்பளைக்குக் கொஞ்சமாவது பொறுப்பு இருக்கா, பாருங்க."

வரிசை முழுவதும் ஆமோதித்தது.