பிரேக்குக்குக் காற்று எடுத்த உத்திராபதி

பிரேக்கை மிதித்தால் கால் தரைவரை போகிறது. பின்சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் வழிகிறது. வேறு ஆளாக இருந்தால் மெக்கானிக்கைத் தேடிப் போயிருப்பான். உத்திராபதிக்கு வந்ததோ கோபம். கார்மேல் இல்லை, சிதம்பரத்தில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் மைத்துனன் செந்தமிழ்செல்வன்மேல்.

பழைய கோபம்தான். ஆனால் அவருடைய காரைப்போல் இல்லை. தினமும் காலையில் ஸ்டார்ட் ஆகிவிடும்.

அந்தக் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கித் திருவந்திபுரத்தில் பூஜை போட்ட அன்று, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, மாலை சாத்தி, சொந்தபந்தம் எல்லாம் சுற்றி நிற்கும்போது, அந்தப் பயல் பானெட்டைத் திறந்து பார்த்தான். மூடினான். "எவனோ உங்க தலையில கட்டிட்டான் மாமா" என்றான். கூட்டம் சிரித்தது. திரும்பி வரும் வழியில் கார் கெடிலம் பாலத்தின்மேல் நின்றுவிட்டது. அதைத்தான் உத்திராபதியால் மன்னிக்கவே முடியவில்லை. அவன் சொன்னது பொய்யாக இருந்திருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பார்.

அன்றோடு பேச்சு வார்த்தை கிடையாது. தன் வாயால் 'வா' என்று கூப்பிடாமல் அவன் வாசற்படி ஏறக்கூடாது, அந்த வார்த்தை இந்த ஜென்மத்தில் வராது என்று மனைவி இளவரசியிடம் சொல்லிவிட்டார். இப்போது அவன் மகளுக்குக் கல்யாணம். வீட்டு மாப்பிள்ளைக்குப் பத்திரிகை வைக்காமல் பந்தக்கால் நட மாட்டேன் என்று அவன் அங்கே உட்கார்ந்திருக்கிறான். இளவரசி கெஞ்சினாள், அழுதாள், ரசத்தில் உப்பைக் குறைத்தாள். இவர் அசையவில்லை.

கடலூரில் மெக்கானிக்குக்குப் பஞ்சமா? ஆனால் இவருக்குத் தெரிந்தவன் எல்லாம் அவனிடம் தொழில் பழகியவன். சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன்பே சிதம்பரத்துக்கு போன் போய்விடும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில் தாமே போய்ப் புது பிரேக் டியூபும் ஒரு பாட்டில் பிரேக் ஆயிலும் வாங்கிவந்தார். செல்போனில் வீடியோ பார்த்தார். தெருவில் நின்ற காருக்கு அடியில் லுங்கியோடு படுத்தார்.

டியூபை மாட்டியாயிற்று. அடுத்து, குழாய்க்குள் புகுந்த காற்றை எடுக்கவேண்டும். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடிக்கவேண்டும். இன்னொருவர் சக்கரத்தடியில் நிப்பிள் என்ற சின்னத் திருகை ஸ்பேனரால் திறந்து, காற்றை வெளியே விட்டு, மூடவேண்டும். மூடுவதற்குள் மிதித்த கால் எழுந்தால் போன காற்று மறுபடியும் உள்ளே வந்துவிடும்.

இளவரசி சீட்டில் ஏறினாள்.

"மிதி."

"மிதிச்சிட்டேன் மாமா."

"அது கிளட்ச்சு. நடுவுல இருக்கறத மிதி."

"மிதிச்சாச்சு."

"ஏன்டி விட்ட? நான் இன்னும் மூடல."

"கால் சுளுக்கிக்கிச்சு."

பாட்டிலில் பாதி ஆயில் அவர் மார்பில்தான் இருந்தது. அவள் காலைத் திட்டினார். அவள் ஊரைத் திட்டினார். அவள் பிறந்த குடும்பத்தில் ஒருவருக்கும் கால் உருப்படியில்லை என்றார். தைலம் தேய்த்துக்கொண்டு வருகிறேன் என்று இளவரசி இறங்கிப் போனாள். கொஞ்ச நேரத்தில் கார்க் கதவு மூடிய சத்தம் கேட்டது. "ம், இப்ப சொல்லுங்க மாமா" என்றது அவள் குரல்.

தைலம் நல்ல தைலம்போலிருக்கிறது. மிதி என்றால் பிரேக் இறங்கிற்று. பிடி என்றால் இரும்பாக நின்றது. நிப்பிளில் காற்று குமிழ் குமிழாக வெளியேறியது. உத்திராபதிக்கு ஆச்சரியமாக இருந்தது.

"இப்பதான்டி மிதிக்கிற மாதிரி மிதிக்கிற. உன் தம்பிக்கு வருமா இது? ஷெட்டுன்னு போர்டு மாட்டிட்டா ஆச்சா? நட்டுக்கும் வடைக்கும் வித்தியாசம் தெரியாத பய."

மேலே யாரோ இருமினார்கள்.

"தொண்டை கம்முது மாமா. நீங்க வேலையப் பாருங்க."

அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே மைத்துனனைத் திட்டினார். அவன் மீசையைத் திட்டினார். அவன் வைக்கப்போகும் கல்யாணச் சாப்பாட்டை இப்போதே திட்டினார். பாட்டிலில் மிச்சமிருந்த ஆயிலை இளவரசி தைலம் தேய்க்கப் போனபோதே கடைசிச் சொட்டுவரை ஊற்றியாயிற்று. இன்னும் ஒரே ஒரு தரம்தான். மிதித்துப் பிடி, உயிர் போனாலும் விடாதே என்று சொல்லிவிட்டு நிப்பிளைத் திறந்தார்.

அப்போது அவர் தலைமாட்டில் இரண்டு கால்கள் வந்து நின்றன. மெட்டி போட்ட கால்கள். இளவரசி குனிந்து, டீ டம்ளரை நீட்டினாள்.

"சூடா இருக்கு மாமா, குடிங்க."

வாங்கக் கையை நீட்டியவர் பாதியில் நிறுத்தினார்.

"பிரேக்க யாருடி புடிச்சிருக்கா?"

"என் தம்பி. நீங்க டியூப் வாங்கப் போனப்பவே போன் பண்ணிட்டேன். வாசப்படி ஏறல மாமா. காரு தெருவுலதான நிக்குது."

கையிலிருந்த ஸ்பேனர் தரையில் விழுந்து உருண்டது. இளவரசி அதை எடுத்துக்கொண்டாள். நிப்பிளில் ஆயில் வழிந்தது. உத்திராபதி கட்டைவிரலால் அதை அடைத்துக்கொண்டு எழப்பார்த்தார். மண்டை காரில் இடித்தது. கத்தவும் பயம். மேலே இருப்பவன் காலை எடுத்துவிட்டால்?

"ஸ்பேனரக் குடுடி."

"அவன வான்னு ஒரு வார்த்தை கூப்பிடுங்க. குடுக்கறேன்."

"முடியாது."

"அப்ப படுத்திருங்க."

காருக்குள்ளிருந்து ரொம்பப் பணிவாக ஒரு குரல் வந்தது. "அக்கா, கால் மரத்துப்போவுது. எடுத்துடட்டுமா?"

உத்திராபதி காலிப் பாட்டிலைப் பார்த்தார். காலையிலிருந்து பட்ட பாட்டை நினைத்தார். மனைவி கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார். பல்லைக் கடித்தபடி, பல்லிடுக்கு வழியாகவே சொன்னார்.

"வா மச்சான்."

"இதோ வந்துட்டேன் மாமா" என்று, கூப்பிட்ட மரியாதைக்குச் செந்தமிழ்செல்வன் உடனே பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கி வந்தான்.