செவ்வாய்க்கிழமைப் புகை

மோட்டர்ஹோமின் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த மஞ்சள் கடதாசியைச் சூசைப்பிள்ளை மூன்று தரம் வாசித்தார். பிரெஞ்சில் அவருக்கு விளங்கியவை இரண்டே விஷயங்கள். ஒன்று டீசல். மற்றது முப்பது நாள். இரண்டும் ஒரே கடதாசியில் இருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

"என்னகா இது?" என்று மனைவியிடம் நீட்டினார்.

அக்னெஸ் ஐந்து வருஷம் பிள்ளைகள் காப்பகத்துக் குசினியில் வேலை செய்தவள். பிரெஞ்சு அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு.

"போன செவ்வாய்க்கிழம காலம பத்து மணிக்கு நம்மட மோட்டர்ஹோமில இருந்து புகை வந்ததாம். மூணாம் மாடி மதாம் தியோரே முறைப்பாடு குடுத்திருக்கா. கண் எரிஞ்சதாம், விடாம இருமினாவாம். முப்பது நாளுக்குள்ள டீசல் புகைச் சோதனையில பாஸ் எடுக்காட்டி நம்பர் தகட்டைக் கழட்டுவாங்களாம்."

"செவ்வாய்க்கிழம பத்து மணிக்கு நான் எயார்போட்டில பெட்டி அடுக்கிக்கொண்டு நிக்கிறன். எஞ்சின் திறப்பு என்ட பொக்கற்றுக்குள்ள. நிண்ட வாகனம் எப்பிடிப் புகைக்கும்? மனிசி பொய் சொல்லுறா!"

அக்னெஸ் கடதாசியை நாலாக மடித்தாள். "பழைய டீசல் எஞ்சின்தானே. நிண்டாலும் புகைக்கும்போல. ஒருக்கா யோசெப்பிட்டக் காட்டுங்களன்."

அந்த மோட்டர்ஹோமை வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. கர்க்லாண்டில் ஒரு கிழட்டு வெள்ளைக்காரனின் வீட்டு முன்னால் நின்றது. எண்பத்தேழாம் ஆண்டுப் பிறப்பு. கனத்த டீசல் வண்டிகளை மறித்துப் புகை அளக்கும் சட்டம் வந்ததிலிருந்து பழைய டீசலை எவரும் சீந்துவதில்லை. காசுள்ளவன் புகை வடிகட்டி பூட்டிய புது வண்டி வாங்கினான். காசில்லாதவன் கூடாரத்தோடு நின்றுகொண்டான். ஆக, அரசாங்கம் காற்றைச் சுத்தமாக்கப் போட்ட சட்டத்தின் புண்ணியத்தில் சூசைப்பிள்ளைக்கு வீடு, கட்டில், கக்கூசு எல்லாம் சில்லுப் பூட்டி மலிவாகக் கிடைத்தன.

வாங்கப் போன அன்று அவர் எல்லா ரயரையும் உதைத்துப் பார்த்தார். அதோடு அவருடைய பரிசோதனை முடிந்தது. அக்னெஸ் உள்ளே ஏறி, மூன்று காஸ் அடுப்பையும் பற்றவைத்து, கூரை விசிறியை நாலு தரம் போட்டுப் போட்டு நிறுத்திப் பார்த்தாள். "இத விட்டிராதீங்க," என்றாள். இருபத்திரண்டு வருஷத் தாம்பத்தியத்தில் அவருடைய யோசனை ஒன்றுக்கு அவள் உடனே தலையாட்டியது அன்றுதான். அதைச் சூசைப்பிள்ளை தன் வெற்றியாகவே எடுத்துக்கொண்டார். எஞ்சின் திறப்பைத் தான் வைத்துக்கொண்டு, பின்கதவுத் திறப்பைப் பெருந்தன்மையோடு அவளிடம் கொடுத்தார்.

வாங்கியதற்குக் காரணம் ஒரு பஸ். ஒவ்வொரு ஓகஸ்ட்டும் மிட்லண்ட் மாதா திருவிழாவுக்குச் சிவநேசம் வாடகை பஸ் ஒழுங்கு செய்வார். போன வருஷம் சூசைப்பிள்ளைக்குக் கிடைத்தது கடைசிச் சீட். ஏழு மணித்தியாலம் இரண்டு காலுக்கு நடுவில் சோற்றுக் கிடாரம். நாள் முழுக்க அடுத்தவன் பெட்டியைத் தூக்குபவன், திருவிழாவுக்கும் அடுத்தவன் கிடாரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போவதா? "வாற வருஷம் நான் என்ட வீட்டில படுத்துக்கொண்டு வருவன்," என்று கோயில் மண்டபத்தில் எல்லோருக்கும் கேட்கச் சொல்லியிருந்தார். இப்போது நம்பர் தகடு போனால் அந்தச் சொல்லும் போகும்.

யோசெப்பின் கராஜ் புவாண்ட்-கிளேரில் இருந்தது. யோசெப் பொனற்றைத் தூக்கி, எஞ்சினை உறுமவிட்டு, புகைக்குழாயின் பின்னால் குந்தியிருந்து பார்த்தான்.

"சூசையண்ணன், இதில ஒரு குறையும் இல்ல. அப்பிடியே கொண்டுபோனா பாஸ் எடுக்கும். கை வைச்சாத்தான் பிழைக்கும்."

"கண் எரிஞ்சிருக்கு எண்டு எழுதியிருக்கு மனே."

"அப்ப கண்டொக்டரிட்டப் போகச் சொல்லுங்க."

சும்மா விட்டால் சரியாகிவிடும் என்ற பேச்சைச் சூசைப்பிள்ளை வாழ்நாளில் நம்பியதில்லை. வரும் வழியில் எஞ்சினைக் கழுவும் மருந்து என்று இரண்டு போத்தல் வாங்கினார். ஒன்று போதும் என்று எழுதியிருந்ததால் இரண்டையும் ஊற்றினார். மருந்து எரிந்து முடியட்டும் என்று வாகனத்தரிப்பில் முக்கால் மணித்தியாலம் எஞ்சினை ஓடவிட்டார். உள்ளுக்குள் இருபது வருஷம் நித்திரை கொண்ட கரியெல்லாம் எழும்பி வெளியே வந்தது. மதாம் தியோரே பல்கனியிலிருந்து படம் எடுத்தார். நிறுத்திய வண்டியில் எஞ்சின் ஓடவிட்ட குற்றத்துக்கு அடுத்த நாள் தனியாக ஒரு தண்டக் கடதாசி வந்தது.

அந்த நேரம் பார்த்து அவர்களுடைய கூரைக்கு மேலால் விமானம் ஒன்று வானத்தையே கறுப்பாக்கிக்கொண்டு இறங்கியது. சூசைப்பிள்ளை அண்ணாந்து பார்த்தார். "அதுக்கு எவனாவது கடதாசி ஒட்டுறானா? ஏணி எட்டாதுபோல!"

அடுத்த செவ்வாயும் மதாம் தியோரேயிடமிருந்து முறைப்பாடு. அதற்கடுத்த செவ்வாயும்.

"செவ்வாய்க்கிழமை எண்டா அந்த மனிசிக்கு விசர் பிடிக்குது," என்றார் சூசைப்பிள்ளை. "நீ செவ்வாயில வாகனத்துக்குள்ளதானே இருக்கிறா. புகையைக் கண்டியா?"

செவ்வாய் அந்தோனியாருக்கு உகந்த நாள். வீட்டுக்குள் தொலைக்காட்சியும் தொலைபேசியும் செபம் சொல்ல விடுவதில்லை என்று அக்னெஸ் ஜெபமாலையோடு மோட்டர்ஹோமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். பின்னேரம் அவர் வேலையால் வரும்போது அவளுடைய கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருக்கும். தன் வாகனத்துக்காக இவ்வளவு அழுது மன்றாடுகிறாளே என்று சூசைப்பிள்ளைக்கு நெஞ்சு இளகும்.

"நான் கண்ண மூடிக்கொண்டெல்லோ செபம் சொல்லுற," என்றாள் அக்னெஸ்.

விமான நிலையத்தில் கூட வேலை செய்த ஒருவன் அடுத்த வைத்தியத்தைச் சொன்னான்: பொரித்த எண்ணெயில் ஓடினால் டீசல் எஞ்சின் கரி கக்காதாம். சூசைப்பிள்ளை ரோல்ஸ் பொரிக்கும் கடையொன்றின் பின்கதவில் நின்று மூன்று வாளி எண்ணெய் வாங்கி, அக்னெஸ் எடுத்துக் கொடுத்த தன்னுடைய நல்ல வேட்டியில் வடித்து ஊற்றினார். கரி நின்றது. ஆனால் போகும் இடமெல்லாம் மீன் ரோல்ஸ் மணந்தது. சிக்னலில் நின்றபோது பக்கத்துப் பஸ்காரன் கண்ணாடியை இறக்கி மூச்சை இழுத்தான். கீழ்மாடிப் புஷ்பராணி ஓடிவந்து, "அண்ணை, எங்கை விக்கிறியள்?" என்று கேட்டாள்.

அந்தக் கோலத்திலேயே சோதனைக்குப் போனார். மஞ்சள் கடதாசி ஒட்டிய அதே அதிகாரிப் பெண், குழாயில் கருவியைச் செருகிவிட்டு, மிதிக்கச் சொன்னாள். முதல் மிதிக்கு இருமியது. இரண்டாம் மிதிக்கு வெள்ளையும் கறுப்புமாய்க் கக்கியது. மூன்றாம் மிதிக்கு எஞ்சின் பெரிதாக ஒரு ஏப்பம் விட்டு நின்றே போனது.

யோசெப் இழுத்துவந்து பார்த்தான். பம்புக்குள் ரோல்ஸ் தூள்.

"நான் என்ன சொன்னன்?"

"சொன்னத விடு மனே. செய்யிறதச் சொல்லு."

"எஞ்சினைக் கழட்டித்தான் செய்யோணும். சாமான் அமெரிக்காவில இருந்து வரோணும். ஒரு மாசம். மற்றது, இந்த யானைய இஞ்ச கட்ட எனக்கு இடமில்ல."

எஞ்சின் கராஜில் சங்கிலியில் தொங்கியது. எஞ்சின் இல்லாத உடம்பு மட்டும் இழுவை வண்டியில் வீடு வந்து, பழைய இடத்தில் நின்றது. திருவிழாவுக்கு இருந்தது பன்னிரண்டு நாள். சிவநேசம் தொலைபேசி எடுத்தார்.

"சூசையண்ணை, உங்கடை வீடு படுத்திட்டுதாம் எண்டு கேள்விப்பட்டன். பின்சீட் ஒண்டு வைச்சிருக்கிறன். கிடாரமும் அதிலைதான். பிடிச்சுப் பழகின கை எல்லோ."

அன்றைக்குச் சூசைப்பிள்ளை சாப்பிடவில்லை. ஆனால் வியாழக்கிழமை வந்த கடிதத்தை அக்னெஸ் தயங்கித் தயங்கி வாசித்தபோது அவர் கதிரையை விட்டு எழும்பித் துள்ளினார். செவ்வாய் காலை பத்து மணிக்கு வாகனத்திலிருந்து கரும்புகை வந்ததாக மதாம் தியோரே மறுபடி எழுதியிருந்தார்.

"பிடிச்சிட்டன்! எஞ்சின் யோசெப்பிட்ட. புகை இஞ்ச! பொய்க்காரி வசமா மாட்டினா! இத வைச்சே எல்லாக் கடதாசியையும் கிழிக்கிறன், யோசெப்பின்ட காலில விழுந்தாவது திருவிழாவுக்குள்ள எஞ்சினைப் பூட்டுறன்!"

"விடுங்க. வயசான மனிசி. பெரிசுபடுத்தாதீங்க," என்றாள் அக்னெஸ். அவளுக்கு எவ்வளவு இளகிய மனம் என்று சூசைப்பிள்ளை நினைத்துக்கொண்டார்.

அவளுக்கும் சொல்லாமல், தனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீசில் அதிகாரிப் பெண்ணைத் தொலைபேசியில் வரச் சொன்னார். வரும் செவ்வாய், சரியாகப் பத்து மணி. அன்று சாப்பாட்டுப் பெட்டியோடு வழக்கம்போல வேலைக்குப் புறப்பட்டு, மூலைக் கடையில் கோப்பி குடித்துக்கொண்டு காத்திருந்தார். இருபது வருஷத்தில் பொய் சொல்லி எடுத்த முதல் லீவு.

அதிகாரிப் பெண் வந்தாள். மதாம் தியோரேயும் லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்தார். சூசைப்பிள்ளை இருவரையும் வாகனத்தின் முன்னால் நிறுத்தி, "மெதுவாக் கதையுங்க. மனிசி உள்ள செபம்," என்று விரலால் பின்பக்கம் காட்டினார். பிறகு பொனற்றை ஒரே தூக்காகத் தூக்கினார். உள்ளே ஒன்றுமில்லை. கீழே தார்த்தரை தெரிந்தது.

"பாருங்க மதாம்! நோ எஞ்சின்! எஞ்சின் இல்லாமல் புகை வருமா?"

அதிகாரிப் பெண் குனிந்து வெறும் குழியைப் பார்த்தாள். நிமிர்ந்து மதாம் தியோரேயைப் பார்த்தாள். மதாமின் முகம் வெளிறியது. சூசைப்பிள்ளைக்குத் தான் இந்த நாட்டுக்கு வந்ததே இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் என்று தோன்றியது.

அப்போது அதிகாரிப் பெண் தும்மினாள். மறுபடி தும்மினாள். மதாம் தியோரே இருமத் தொடங்கினார். சூசைப்பிள்ளையின் தொண்டையிலும் ஏதோ கொளுவியது. மூவரும் நீர் வழியும் கண்ணோடு மேலே பார்த்தார்கள். கூரை விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதிலிருந்து புகை பொங்கிப் பொங்கி வந்தது.

ஒரு கையில் வெறும் வாளியும் மறுகையால் பொத்திய மூக்குமாய் வந்த புஷ்பராணி, முன்னால் நின்றவர்களைக் கவனிக்காமலே பின்கதவைத் தட்டினாள்.

"அக்னெஸ் அக்கா, என்ர ரெண்டு கிலோ மிளகாயும் வறுத்து முடிஞ்சுதோ? போன செவ்வாய் மாதிரிக் கருக்கிப் போடாதேங்கோ!"