சீட்டு போடும் பேப்பர்

“சார், இங்கிலீஷ்ல ஸ்டேஷனரின்னு ரெண்டு வார்த்தை இருக்குதே, ஒரே ஒரு எழுத்துதான் மாறுது. இன்னா வித்தியாசம்?”

பக்கத்து சீட்டில் இருந்த ரோஸ்லின் கேட்டதும் அந்தோணி பிரபுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. விழுப்புரம் டைல்ஸ் கடையில் சேல்ஸ்மேனான அவன் தினமும் இங்கிலீஷ் பேப்பர் வாங்குவது படிக்க அல்ல. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாக எறிந்து சீட்டு போடத்தான். துண்டைப் போட்டால் தள்ளிவிட்டு உட்காருவார்கள். இங்கிலீஷ் பேப்பரைத் தொட எவனுக்கும் துணிச்சல் வராது.

இதை அவளிடம் எப்படிச் சொல்வது? ஒரு மாதமாக அவள் பக்கத்தில் உட்காரும் அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவனுக்குப் பொழுதே விடிகிறது.

“ஒன்னு போலீஸ் ஸ்டேஷன், இன்னொன்னு ரயில்வே ஸ்டேஷன்ங்க.”

ரோஸ்லின் உதட்டைக் கடித்தபடி நோட்டில் எழுதிக்கொண்டாள். ஏதோ வேலை இன்டர்வியூவுக்குப் படிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

கடைக்குப் போய் செல்போனில் தேடினான். ஒன்று நகராமல் நிற்பதாம். மற்றது பேப்பர், பேனாவாம்.

மறுநாள் சமாளித்தான். “நேத்து சொன்னது பழைய இங்கிலீஷுங்க. இப்ப மாத்திட்டாங்க.”

“அப்ப டெசர்ட்? அதுவும் ரெண்டு இருக்குதே.”

“ஒன்னு பாலைவனம். இன்னொன்னு கொஞ்சம் பெரிய பாலைவனம்.”

வெளியே வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லைகள் மெல்ல மிதந்து போயின. அந்தப் பெரிய பாலைவனத்தில் அவனும் ரோஸ்லினும் ஒரே ஒட்டகத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். முதுகில் பேப்பர் போட்டிருந்ததால் வேறு யாரும் ஏறவில்லை. விக்கிரவாண்டி டோல்கேட்டில் ஒட்டகம் பிரேக் போட்டது.

“நாளைக்கு நாப்பது பேரு முன்னாடி இதயெல்லாம் சொல்லப்போறேன் சார்” என்றாள்.

நாற்பது பேர் உட்கார்ந்து கேட்கும் இன்டர்வியூவா? எவ்வளவு பெரிய வேலையோ! அது தன்னால் போகப்போகிறதே! விழுப்புரம் வந்ததும் உடைந்துவிட்டான்.

“சொல்லிடாதீங்க! எனக்கு இங்கிலீஷே வராது. பேப்பரு சீட்டு போடத்தான் வாங்கறேன். மன்னிச்சிடுங்க.”

ரோஸ்லின் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க இறங்கிப் போனாள்.

“அழுவுறாங்க சக்கரபாணியண்ணே” என்றான் கண்டக்டரிடம். “என்னால அவங்களுக்கு வேல போச்சு.”

சக்கரபாணி விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

“இன்னா வேல? அந்தம்மா காலேஜுல எட்டு வருஷமா இங்கிலீஷ் மேடம் சார். முன்னால லேடீஸ் சீட்டு அவங்களுக்குத் தெனமும் காலியாத்தான் கெடக்குது.”