வீடு வாங்க விடாத சேர்மன்

வீடு வாங்கக் கடன் கேட்டு வந்தவர்களைத் தேத்தண்ணி கொடுத்துத் திருப்பி அனுப்பிய மோட்கேஜ் ஏஜென்ட் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான் இருந்திருக்கிறார். நம்பாதவர்கள் கனடாவில் எங்கள் ஸ்காபரோவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். இங்கே மோட்கேஜ் ஏஜென்டுக்குப் பஞ்சமில்லை. கொத்துரொட்டிக்கு வரிசையில் நின்றால் உங்களுக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் நிற்பார்கள். ரொட்டி கொத்தி முடிவதற்குள் உங்கள் தலையில் ஒரு வீட்டைக் கட்டிவிடுவார்கள். எங்கள் சேர்மன் அண்ணை மட்டும், வந்தவருக்கு இருந்த ஆசையையும் பிடுங்கி வைத்துக்கொண்டு அனுப்புவார்.

அஜின்கோர்ட்டில் ஒரு பிளாசாவில், நகைக்கடைக்கும் மரக்கறிக்கடைக்கும் நடுவில் எங்கள் கந்தோர் இருந்தது. நான் போன் எடுக்கச் சேர்ந்தவள். எங்கள் பொஸ், சேர்மன் அண்ணையைவிட வயதில் நன்றாகக் குறைந்தவர். கோட்டுப் போடாமல் குப்பை கொட்டக்கூடப் போகமாட்டார். முதல் நாளே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "அந்த மூலை மேசைக்கு மட்டும் ஆக்களை அனுப்பாதேங்கோ. அனுப்பினா திரும்பி வராயினம்."

மூலை மேசையில் இருந்தவர்தான் சேர்மன் அண்ணை. எதற்குச் சேர்மன் என்று கேட்டால், ஒன்றுக்கும் இல்லை. கனடாவுக்கு வருமுன் இங்கிலாந்தில் ஏதோ ஒரு கடற்கரை ஊரில் நாலைந்து வருடம் பெற்றோல் செற்றில் நின்றவர். அந்த ஊரில் நாலாம் டிவிஷன் உதைபந்தாட்டக் கிளப் ஒன்று இருந்தது. அதன் ரசிகர் சங்கத்துக்கு வருடம் பத்துப் பவுண் சந்தா கட்டி, அதற்குத் தந்த பத்திரத்தைச் சட்டம் போட்டு, தன் மேசைக்கு மேலே, நாங்கள் எல்லாரும் பிள்ளையார் படம் கொழுவுகிற இடத்தில் கொழுவியிருந்தார். மாதம் ஒருமுறை கிளப்பின் உண்மையான சேர்மனுக்குச் செலவைக் குறைக்கச் சொல்லிக் கடிதமும் எழுதுவார். பதில் வந்ததாக நான் அறியேன்.

உலகத்தில் எந்தக் குடும்பத்தைக் கண்டாலும் அவருக்கு அது ஒரு சின்னக் கிளப்பாகத்தான் தெரியும். "சின்னக் கிளப்புகள் தோத்துச் சாகிறேல்லை, பிள்ளை. வெல்ல வெளிக்கிட்டுத்தான் சாகிறது" என்பார். இதைச் சொல்லிவிட்டு, ஏதோ சாவீட்டுக்குப் போய் வந்தவர் மாதிரித் தலையை ஆட்டுவார்.

ஒருநாள் பொஸ் இல்லாத நேரம் ஒரு இளம் சோடி வந்தது. பொடியன் லொறி ஓடுகிறவன். வடக்கே நாலு அறை, இரண்டு கராஜ் வைத்த வீடு ஒன்றைப் பார்த்துவிட்டு, கண்ணெல்லாம் வீடாக வந்திருந்தான். வேறு மேசை காலியில்லாததால் மூலைக்கு அனுப்பினேன். அண்ணை வரவைக் கேட்டார், செலவைக் கேட்டார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பேந்து என்னண்டு தம்பி மாசம் மாசம் கட்டுறது?"

"பேஸ்மென்றை வாடகைக்கு விடலாம், அண்ணை."

"அதில இப்ப ஆர் இருக்கினம்?"

"வீடு இன்னும் வாங்கேல்லையே, அண்ணை."

"உப்பிடித்தான் எங்கட கிளப்பும் ஒருக்காச் செய்தது. கப் போட்டியில பெரிய கிளப்போட மட்ச் விழும், கேற்றில காசு கொட்டும் எண்டு கணக்குப் போட்டு கோல் அடிக்கிற போர்வேட் ரெண்டு பேரை எடுத்தவங்கள். முதல் ரவுண்டிலயே அடி வாங்கிக்கொண்டு வெளிய வந்தாச்சு. போர்வேட் ரெண்டு பேரும் சம்பளத்துக்கு வாசல்ல நிக்கிறாங்கள். நீர் நாலாம் டிவிஷன், தம்பி. அது வெக்கப்படுற விசயமில்லை. வெக்ஸ்போர்ட் பக்கம் சுவரோட சுவர் ஒட்டின ஒரு சின்ன ரவுண்ஹவுஸ் பாரும்."

பொடியன் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போனான். அவன் மனுசி மட்டும் வாசலில் நின்று திரும்பி, "தாங்ஸ் அண்ணை" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தத் தாங்ஸின் அர்த்தம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. கந்தோருக்குப் பெண்கள் போன் எடுக்கத் தொடங்கினார்கள். எல்லாருக்கும் ஒரே கதைதான். "தங்கச்சி, எங்கட இவர் நாளைக்கு வாறார். ஆரோ கூட்டாளி வாங்கினவன் எண்டு இவருக்கும் பெரிய வீடு வேணுமாம். சேர்மன் அண்ணையிட்ட விட்டு ஒருக்காத் திருப்பி அனுப்பிவிடும்." நான் நாளும் நேரமும் குறித்துக் கொடுத்தேன். ஸ்காபரோவில் புருசன்மாரின் ஆசைக்கு வைத்தியம் பார்க்கிற ஒரே கிளினிக் நாங்கள்தான்.

சனிக்கிழமைகளில் அவரிடம் போவது இன்னும் ஆபத்து. இங்கிலாந்தில் பின்னேரம் மட்ச் தொடங்கும்போது இங்கே காலை பத்து மணி, எங்களுக்கு ஆள் நிரம்பி வழிகிற நேரம். மட்ச் வர்ணனை கேட்க ஒரு காதில் வயரைச் செருகிக்கொண்டு மற்றக் காதால் வாடிக்கையாளரைக் கேட்பார். கிளப் வென்றால் மனம் இளகும் என்று நம்பிச் சிலர் ஸ்கோர் பார்த்து வந்தார்கள். பாவங்கள். தோற்றாலாவது கொஞ்சம் ஆறுதலாகப் பேசுவார். வென்றால் முகம் கறுத்துவிடும். வெற்றிதான் மனிசரைச் செலவழிக்க வைக்கும் என்று அன்றைக்கு வந்த எல்லாரையும் திருப்பிவிடுவார்.

பொஸ் எத்தனையோ தரம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். கடைசியில் அவருடைய மகள் பெரியபிள்ளையாகி, சாமத்தியவீடு வந்தது. பெரிய பார்ட்டி ஹோல். பிள்ளை வெள்ளைக் குதிரைகள் பூட்டிய ரதத்தில் கார் நிறுத்துகிற இடத்தைச் சுற்றி வந்து இறங்கியது. மேலே ட்ரோன் பறந்தது. உள்ளே ஐஸ்கட்டியில் மயில் நின்றது. சனம் வாயைப் பிளந்து நிற்க, அண்ணை மட்டும் விரலை மடித்து மடித்து எண்ணிக்கொண்டு நின்றார். சாப்பாட்டு வரிசையில் பொஸ் வந்து தோளில் கைபோட்டு, "எப்பிடி அண்ணை எங்கட பங்சன்?" என்று கேட்டார்.

"நல்ல வடிவு, தம்பி. உந்தச் செலவை என்னண்டு திருப்பி எடுக்கப் போறீர்? கேற்றில ரிக்கெற் வித்தோ?"

பொஸ் திங்கட்கிழமை அவரை வேலையிலிருந்து நிற்பாட்டுவது என்று முடிவெடுத்தார். நிற்பாட்டவில்லை. பொஸ்ஸின் மனுசியே கந்தோருக்கு வந்து, "உங்களைப் பாத்து அந்தக் கேள்வியைக் கேக்க இந்த ஊரில ஒரு மனிசன் இருக்கு. அதையும் துரத்தப் போறியளோ?" என்று எங்கள் எல்லாருக்கும் முன்னால் கேட்டுவிட்டுப் போனா. அதன்பிறகு பொஸ் மூலை மேசைப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

இப்படி ஊரையெல்லாம் அளந்த மனிதருக்கு, அவருடைய கிளப்பே ஆப்பு வைத்தது. அங்கே புது முதலாளி ஒருவர் வந்தார். மூன்று வருடத்தில் இரண்டு டிவிஷன் ஏற்றுவேன் என்று கழுத்துத் துண்டை ஆட்டிக்கொண்டு படமெல்லாம் எடுத்துப் போட்டார். நாலாம் டிவிஷன் கிளப்புக்கு இரண்டாம் டிவிஷன் சம்பளத்தில் ஆள் வாங்கினார். அண்ணை மாதக் கடிதத்தைக் கிழமைக் கடிதமாக்கினார். முதல் வருடமே கிளப் மூன்றாம் டிவிஷனுக்கு ஏறிவிட்டது. நாங்கள் எல்லாரும் காசு சேர்த்துக் கேக் வாங்கி வந்தோம்.

"வெட்டாதேங்கோ" என்றார். "கேக்கை வெட்டிற நேரமில்லை இது. விரலுக்குத் தக்க வீக்கம் வேணும்."

கேக்கைப் பொஸ் தனியாகச் சாப்பிட்டார்.

அடுத்த குளிருக்குள் முதலாளியின் காசு வற்றிவிட்டது. ஆட்டக்காரருக்குச் சம்பளமில்லை. வரிக் கந்தோர், கிளப்பையே மூடச் சொல்லி வழக்குப் போட்டது. முதலாளி போன் எடுப்பதை நிறுத்தினார். கோர்ட் கொஞ்ச நாள் தவணை கொடுக்க, ரசிகர்கள் வாளி தூக்கிக் காசு சேர்க்கத் தொடங்கினார்கள். அண்ணை சனிக்கிழமைகளில் வயரைக் காதில் செருகுவார், மட்ச் முடிந்தபிறகும் கழற்றமாட்டார். கடன் கேட்டு வந்த இரண்டு பேருக்குச் சரி என்றும் சொல்லிவிட்டார். அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

அதற்கிடையில் நானும் பரீட்சை எழுதி ஏஜென்ட் ஆகியிருந்தேன். எழுத வைத்தவரும் அவர்தான். ஒருநாள் காலை என் மேசைக்கு முன்னால் வந்து, வாடிக்கையாளர் கதிரையில் இருந்தார்.

"பிள்ளை, ஒரு அப்ளிகேஷன் போடவேணும்."

"ஆருக்கு அண்ணை?"

"எனக்குத்தான். வீட்டு மேல ஒரு அம்பதாயிரம்."

அவர் வீடு வெக்ஸ்போர்ட்டில் ஒரு சின்ன ரவுண்ஹவுஸ். ஒரு சதம் கடனில்லாத வீடு. அதன் கடனைக் கட்டி முடித்த அன்றைக்குத்தான் கந்தோரில் அவர் பாட்டுப் பாடி நாங்கள் கேட்டது. எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஊருக்குத்தான் உபதேசம் என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

"வாற வருமானம் நிண்டா எத்தினை மாசம் தாக்குப் பிடிப்பியள்?"

"விளையாடாதையும், பிள்ளை."

"அண்ணை, குடுக்கிற காசு திரும்பி வருமோ?"

நிலத்தைப் பார்த்தார். "வராது."

"அக்காவுக்குத் தெரியுமோ?"

புருசனும் பெண்சாதியும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தாலொழியப் போர்ம் திறக்கக்கூடாது என்பது அவரே எனக்குச் சொல்லித்தந்த சட்டம். மனிதருக்கு மூக்கு சிவந்துவிட்டது.

"உமக்கு இந்தத் தொழிலைப் பழக்கினது ஆர்?"

"நீங்கள்தான், அண்ணை."

"எனக்கு நல்லா வேணும்" என்றுவிட்டு எழும்பிப் போனார்.

இரண்டு நாள் கழித்து மனுசியோடு வந்தார். அக்கா ஒரு பேக்கரியில் இரவு ஷிஃப்ற் செய்கிறவா. வேலை முடிந்து நேரே வந்திருந்தா, சப்பாத்தில் மா ஒட்டியிருந்தது. நான் வாய் திறக்குமுன் அவவே தொடங்கினா.

"தங்கச்சி, இந்த வீடு இவற்ற மட்டுமில்லை. நானும் ரெண்டு ஷிஃப்ற் அடிச்சுக் கட்டினது. அதை ஒருத்தனுக்கும் ஈடு வைக்க விடமாட்டன். உந்தக் கதை முடிஞ்சுது."

அண்ணை, பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டு எழுப்பிவிட்ட பிள்ளை மாதிரி மேசை விளிம்பைச் சுரண்டினார்.

"ஆனா இன்னொண்டு கேளும்" என்றா அக்கா. "அந்த ஊரில இவருக்கு விசாவுமில்லை, பாசையும் சரியாத் தெரியாது. பெற்றோல் அடிக்க வாற சனம் காசைப் போட்டிட்டுப் போகும், முகத்தைப் பாக்காது. உந்தக் கிளப்பில இருந்த கிழடுகள்தான் தள்ளியிருந்து இவருக்கு ஒரு இடம் விட்டவை. முதல் நாளே தேத்தண்ணியும் வாங்கிக் குடுத்தவையாம். எங்கட கலியாணத்தண்டு இரவு இவர் எனக்குச் சொன்ன முதல் கதை உதுதான். அண்டு தொடக்கம் இண்டைக்கு வரைக்கும் ஒருக்காலும் திரும்பிப் போகேல்லை, ஏனெண்டு தெரியுமே? பிளேன் ரிக்கெற் வீண்செலவாம்."

கைப்பையைத் திறந்து ஒரு கடதாசியை மேசையில் வைத்தா. இலண்டனுக்கு ரிக்கெற்.

"கோட்டுத் தவணைக்கு முதல் கடைசி மட்ச் வாற சனி. போய்ப் பாத்திட்டு வாங்கோ" என்றா அவரைப் பார்த்து. "சாகக் கிடக்கிற ஆளைப் போய்ப் பாக்கிறது வீண்செலவில்லை."

சேர்மன் அண்ணை அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். நானும் அழுதேன். பக்கத்து மேசையில் கடன் கேட்டு இருந்த ஆளும், என்ன ஏது என்று தெரியாமலே கண்ணைத் துடைத்தார்.

போனார். ஹோட்டலுக்கு என்று அக்கா கொடுத்துவிட்ட காசை வாசலில் நீட்டிய வாளியிலேயே கொட்டிவிட்டு, பழைய கிழவர் ஒருவர் வீட்டுச் சோபாவில் படுத்திருக்கிறார். வாழ்க்கை முழுவதும் ஊருக்கு வரவுசெலவு சொன்ன மனிதர், நிலத்தில் கால் வைத்து ஒரு மணித்தியாலத்துக்குள் சாப்பாட்டுக்கும் காசில்லாமல் நின்றார். மட்ச்சும் தோல்வி. அடுத்த கிழமை கோர்ட் கிளப்பை மூடிவிட்டது. அண்ணை திரும்பி வந்து, பத்திரத்தைக் கழற்றாமல் அதன்மேல் ஒரு பூமாலையைப் போட்டார். பொஸ்கூட அன்றைக்கு வந்து கொஞ்ச நேரம் மூலை மேசையில் இருந்துவிட்டுப் போனார்.

ஆனால் அங்கிருந்த கிழடுகள் விடுகிற ஆட்களில்லை. வாளியில் மிஞ்சிய காசோடு, தாங்களே சொந்தக்காரராக, தலைக்கு ஒரு வாக்கு என்று அதே ஊர்ப் பெயரில் ஒரு புதுக் கிளப்பைத் தொடங்கினார்கள். டிவிஷன் ஏணியில் ஒன்பதாம் படியிலிருந்து மறுபடி ஆனா ஆவன்னா. பள்ளிக்கூட மைதானம், சுற்றிவரக் கயிறு, கதிரை வேண்டுமென்றால் வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும். அண்ணை மாலையைக் கழற்றி எறிந்துவிட்டுச் சந்தாவைக் கட்டினார். என்னிடமும் வாங்கிக் கட்டினார். பொஸ்ஸிடம் வாங்கியது எப்படி என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போது ஓய்வெடுத்து வீட்டில் இருக்கிறார். சனிக்கிழமை மத்தியானம் தவறாமல் போன் வரும்.

"பிள்ளை, மட்ச் முடிஞ்சுது."

"என்ன மாதிரி அண்ணை?"

"ஆறு சுழியம்."

"நாங்களோ அடிச்சது?"

"சீச்சீ, அவங்கள். அதை விடும். றெஃபரிக்குக் குடுத்தாச்சு, புல்லு வெட்டினவனுக்குக் குடுத்தாச்சு, பஸ் காசும் கட்டியாச்சு. தேத்தண்ணி வித்ததில கொஞ்சம் மிச்சமும் இருக்காம்."

ஆறு கோல் வாங்கிய கிளப்பைப் பற்றி இவ்வளவு சந்தோசமாகப் பேசுகிற குரலை நான் வேறெங்கும் கேட்டதில்லை. பந்து எந்தப் பக்கம் போனால் யாருக்குக் கோல் என்று எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. ஆனாலும் அந்தப் போன் வந்து முடியும்வரை, சனிக்கிழமை அடுப்பில் உலை வைக்க எனக்கு மனம் வருவதில்லை.