சின்னப் பந்தயத்துக்குப் பதில் சொல்லும் கலை

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரம். கடைசியாக, ஆன்லைன் போக்கர் சீட்டாட்டத்தில் ஒருவர் சின்னத் தொகையில் ஆட்டத்தைத் தொடங்கினால் எப்படிப் பதில் சொல்வது என்பதை கனடாவின் வினிபெக் நகரத்து ஆர்வில் ஃப்ரீசன் கண்டுபிடித்தார். முதல் இரண்டையும் ஒத்திகை என்றே கொள்ள வேண்டும்.

அவர் தலைமையிலான 'ஆய்வுக் குழு' வாரம் தவறாமல் ஹெட்செட்டில் கூடும். ஆர்வில், அவர் நண்பர் டக், மைக்கை எப்போதும் அணைத்தே வைத்திருக்கும் ஒரு பல் டாக்டர். சின்னப் பந்தயத்தைக் கண்டு எந்த உறுப்பினரும் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கக் கூடாது. அதன் பின்னால் இருக்கும் மனதைப் படிக்க வேண்டும் என்று தீர்மானம். பல் டாக்டர் எதிர்க்காததால் அது ஏகமனதாக நிறைவேறியது.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் ஜெயித்து, வீட்டைச் சூடாக்கப் புது ஹீட்டர் வாங்குவதாக மனைவி மார்னிக்கு ஆர்வில் வாக்குக் கொடுத்திருந்தார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. எதிரே 'பீட்ரூட் சூப்' என்ற பெயரில் ஆடிய ஒரு பெண்மணி, ஒவ்வொரு ஆட்டத்தையும் ஆகக் குறைந்த தொகையில்தான் தொடங்கினார்.

"பயந்துட்டாடா அவ," என்றார் டக்.

"போடா, பொறி வைக்கிறா. இதுல என்னமோ இருக்கு."

"ஆர்வில்," என்று கீழிருந்து மார்னி கூப்பிட்டாள். "ஒரே ஒரு நிமிஷம் வந்துட்டுப் போயேன். ஹீட்டர் கடகடன்னு அடிச்சுக்குது."

ஆர்வில் திரும்பாமலே கையை ஆட்டினார். "அப்புறம் வரேன்மா!"

பீட்ரூட் சூப் மறுபடியும் சின்னதாகப் போட்டார். ஆர்வில் கையிருப்பு மொத்தத்தையும் தூக்கி வைத்தார். அந்தம்மாவிடம் இரண்டு ராஜா. கதை முடிந்தது.

தோற்றாலும் ஆராய்ச்சியாளர் ஆராய்ச்சியாளர்தானே! 'உங்கள் சின்னப் பந்தயத்தின் தத்துவம் என்ன?' என்று திரையில் எழுதிக் கேட்டார்.

'தத்துவமா? பட்டன் தானா அந்தத் தொகையத்தான் காட்டுது. ஒரு கையில கரண்டி இருக்கு, மாத்த முடியல.' வந்த பதிலை ஆர்வில் வீடே அதிர வாசித்தார்.

"எவ்வளவு ஆழமான பொய் பாத்தியா!" என்று டக் சிலிர்த்தார்.

அப்போது, குழுவின் வரலாற்றிலேயே முதல்முறையாக, பல் டாக்டர் வாயைத் திறந்தார். "ஆர்வில், உன் பல்லு தந்தியடிக்குதுப்பா. இங்க வரைக்கும் கேக்குது."

ஆர்வில் ஹெட்செட்டைக் கழற்றினார். கீழே கடகட சத்தம் இல்லை. எந்தச் சத்தமும் இல்லை. மூச்சு விட்டால் வாயிலிருந்து ஆவி வந்தது. பதறிக்கொண்டு இறங்கினார்.

வாசலில் மார்னி பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பெட்டி. கார் இன்ஜின் உறையாமலிருக்கச் செருகி வைத்திருந்த ஒயரையும் பிடுங்கிச் சுருட்டியாகிவிட்டது.

"எங்க கிளம்பிட்ட?"

"பிராண்டனுக்கு. அக்கா வீட்ல ஹீட்டர் ஓடுது."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"அக்டோபர்லேந்து சொல்லிக்கிட்டேதான் இருக்கேன். முகம் தெரியாத எவளோ சூப்பு கிண்டிக்கிட்டே பட்டனத் தட்டினா, அவ மனசுல என்னன்னு மண்டைய உடைச்சுக்கிற. நான் கேட்டது ஒரு நிமிஷம். அதுக்குத்தான் நீ ஒவ்வொரு தடவையும் சீட்டக் கவுத்த."